முல்லைத்தீவிலிருந்து மாலைதீவுக்கு: எங்கள் தேனிலவுக் கடற்பயணம்

முதலாம் நாள்

தை மாதத்தில் திருமணம் முடிந்தாலும், பெரும்போக நெல் அறுவடையாகி வீடு வந்து சேரும் வரை எங்கும் நகர முடியாது என்று மாமா முன்பே சொல்லியிருந்ததால், பெப்ரவரி நடுப்பகுதி வரை இந்தப் பயணத்துக்காகக் காத்திருந்தோம். கனடாவில் இருக்கும் மச்சாள், தன் தம்பியின் திருமணத்துக்கு வர முடியாமற்போன மனக்குறையைத் தீர்த்துக்கொள்வதற்காக, மாலைதீவில் பத்து அறைகள் மட்டுமே கொண்ட ஒரு சொகுசுக் கப்பலில் ஆறு இரவுகளை எங்களுக்குப் பரிசாகத் தந்திருக்கிறார். செய்தியைக் கேட்டதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இஞ்ச இருக்கிற கடல் காணாதெண்டே அங்க போறியள்?"

அம்மாவின் கேள்விக்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26 காலையில் முல்லைத்தீவுக் கரையில் அம்மம்மாவையும் இரண்டு வயதுத் தம்பியையும் கடல் கொண்டுபோனது. எனக்கு அப்போது ஆறு வயது. அதன் பிறகும் அப்பா கடலுக்குப் போனார், இன்றும் போகிறார். ஆனால் என்னை மட்டும் கால் நனைக்கவும் அம்மா விட்டதில்லை. கடலோடி ஒருவரின் மகளாக இருந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலோரம் வளர்ந்த என் கணவரோ, நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகியவர்.

இரவு பத்து மணிக்கு வான் புறப்பட்டு, ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ9 வீதியில் ஏறி, வவுனியா, அநுராதபுரம் கடந்து, நள்ளிரவுக்குப் பின் புத்தளத்தில் தேநீருக்காக நின்றது. மாலைதீவில் நீதிபதியாகப் பணியாற்றிய மொரோக்கோப் பயணி இபின் பதூதா, 1344 ஆம் ஆண்டில் அங்கிருந்து கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த துறை இந்தப் புத்தளமே என்று கருதப்படுகிறது. அவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நாங்கள் போகிறோம் என்று நான் சொன்னபோது, வரலாறு படிப்பிக்கும் ஆசிரியையைக் கட்டியதன் பலன் புத்தளத்திலேயே தொடங்கிவிட்டது என்று என் கணவர் மகிழ்ந்தார்.

பயணப்பையில் அம்மா வைத்துவிட்ட சிறிய பித்தளைப் பிள்ளையாரை வீட்டிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வழிபாட்டுச் சிலைகளையும் மதுபானத்தையும் மாலைதீவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. நம்மவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. நுழைவு விசாவுக்குக் கட்டணம் இல்லை, இறங்கியதும் 30 நாட்களுக்குத் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் விபரப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும்.

கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பறப்பு. இறங்குவதற்குச் சற்று முன், கருநீலக் கடலில் வெளிர்பச்சை வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. விமான நிலையமே ஒரு தனித்தீவு. வாசலைத் தாண்டினால் வீதிக்குப் பதிலாகப் படகுத்துறை நிற்கிறது. எங்களை ஏற்ற வந்த சிறுபடகை அவர்கள் 'தோணி' என்றார்கள். முதலில் எங்களுக்காகத் தமிழில் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான், அவர்களுடைய திவெஹி மொழியிலும் அதே சொல்தான் என்று தெரிந்தது.

கப்பல் வெள்ளையாக, மூன்று தட்டுகளுடன், ஹுல்ஹுமாலே தீவுக்கு அருகே நங்கூரமிட்டிருந்தது. அறையில் பெரிய கட்டில், அதன் மேல் பூவிதழ்கள், கடல் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டச் சாளரம். ஒரு மனவருத்தமும் நேர்ந்தது. பயணத்தை ஒழுங்குசெய்த முகவர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டொலர் வீதம் பசுமை வரி செலுத்த வேண்டும் என்பதை எங்களிடம் சொல்லவேயில்லை. இருவருக்கும் சேர்த்து 144 டொலரை எண்ணிக் கொடுத்தபின் கைச்செலவுக்கு மிஞ்சியது சொற்பம். புதிதாகத் திருமணமானவர்களிடம் மறைக்கக்கூடிய செய்தியா இது?

இரண்டாம் நாள்

காலை உணவுக்கு 'மாஸ்ஹுனி' வந்தது. திருவிய தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிப்புளி, உதிர்த்த சூரை மீன். தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. ஒரு வாய் வைத்ததும் நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஏனெனில் அது எங்கள் வீட்டு மாசிச் சம்பலின் உடன்பிறப்பாகவே இருந்தது. திவெஹியில் 'மஸ்' என்றால் மீன். நம் அம்மாமார் உரலில் இடிக்கும் மாசியின் பெயரும் பொருளும் இந்தத் தீவுகளிலிருந்து வந்தவையே.

சமையல்காரர் திருகோணமலையைச் சேர்ந்தவர். எட்டு ஆண்டுகளாகக் கப்பல்களிலேயே வேலை செய்கிறார். நாங்கள் முல்லைத்தீவு என்று அறிந்த கணத்திலிருந்து நான் அவருக்குத் 'தங்கச்சி' ஆகிவிட்டேன்.

முற்பகலில் தென்மாலே வளையத்துக்குள் ஓர் ஆழமற்ற களப்பில் கப்பல் நின்றது. இந்த வளையத்தை அவர்கள் 'அதொளு' என்கிறார்கள். உலக மொழிகள் பலவும் இத்தகைய பவள வளையத்துக்கு இச்சொல்லையே கடன்வாங்கியிருக்கின்றன. கடலடியில் எழுந்த எரிமலைகள் மெல்ல மெல்லத் தாழ, அவற்றின் விளிம்பில் வளர்ந்த பவள முருகைகள் ஒளியைத் தேடி மேலே மேலே வளர்ந்துகொண்டே வந்ததால், மலை மறைந்து முருகை வளையம் மட்டும் எஞ்சியது என்று வழிகாட்டி ஒரு தட்டில் கறிச்சட்டியைக் கவிழ்த்துவைத்து விளக்கினார். இப்படி அமைந்த தீவுகள் ஆயிரத்து இருநூறு அளவில் இருக்கின்றன. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று சொல்வது இத்தீவுகளைத்தான். வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்த அந்தத் தொடரை, அதன் நடுவில் மிதந்துகொண்டு நினைப்பேன் என்று எண்ணியதில்லை.

மிதந்துகொண்டு என்று எழுதிவிட்டேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். கப்பலின் பின்புறத்தில் நீருக்குள் இறங்கும் ஏணி ஒன்று உண்டு. அதில் நான்கு படிகள். முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் அணிந்து, தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு இரண்டு ஊசிகளால் குத்தி, மேலே மிதவை அங்கியையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூன்றாம் படியில் அரை மணி நேரம் நின்றேன். நீர் இளஞ்சூடாக இருந்தது. அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. ஆழம் நெஞ்சளவுதான். இருந்தும் கால் இறங்க மறுத்தது. என் கணவர் அவசரப்படுத்தவில்லை. தாம் மட்டும் நீருக்குள் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டு, முத்தையன்கட்டுக் குளம் வான் பாயும் காலத்தில் தாங்கள் குளக்கட்டிலிருந்து குதித்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீர் இறங்க வேண்டாம், என்ர கையில சாய்ஞ்சால் காணும், தண்ணியே உம்மைத் தூக்கும்" என்றார்.

சாய்ந்தேன். காதுகள் நீருக்குள் அமிழ்ந்ததும் உலகத்தின் சத்தம் முழுவதும் நின்று, என் மூச்சு மட்டும் கேட்டது. மேலே வானம் இருந்தது, முதுகின் கீழே அவருடைய உள்ளங்கைகள் இருந்தன. எப்போது அந்தக் கைகளை விலக்கிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

பிற்பகலில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து குப்புற மிதக்கப் பழகினேன். முருகைகளில் சில ஊதாவும் மஞ்சளுமாக உயிருடன் இருந்தன. பெரும்பகுதி சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்தது. 1998 இலும் 2016 இலும் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது அவை வெளுத்து இறந்தன என்று வழிகாட்டி சொன்னார். அந்தச் சாம்பல் கிளைகளின் இடுக்குகளிலும் சின்னஞ்சிறு நீல மீன்கள் குடியிருக்கின்றன.

மூன்றாம் நாள்

தெற்கே வாவு வளையத்துக்கு வந்து, புலிதூ என்னும் சிற்றூரில் இறங்கினோம். மக்கள் வாழும் தீவுகளில் தோளையும் முழங்காலையும் மறைத்து உடுத்த வேண்டும், மதுவுக்கு இடமில்லை; எனக்கு அது எங்கள் ஊருக்குள் நடப்பது போலவே இருந்தது. முருகைக்கல் மதில்கள், பெருக்கி வைத்த மணற்தெருக்கள், மரநிழலில் கயிற்று நாற்காலிகள். கரையோரத்தில் கணுக்காலளவு நீரில் திருக்கைகள் பூனைக்குட்டிகள் போலக் காலைச் சுற்றி வருகின்றன. எங்கள் ஊரில் திருக்கையைக் கறியாகவன்றி வேறுவிதமாகக் கண்டவர் இல்லை என்பதால், நான் அவற்றிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

என் கணவருக்குத் திருக்கையை விடக் குடிநீரிலேயே நாட்டம் சென்றது. குளமும் வாய்க்காலும் கட்டுத் திருத்தமுமாக வேலை செய்பவர் அவர். ஓர் ஆறோ குளமோ இல்லாத இடத்தில் மனிதர் எதைக் குடிக்கிறார்கள் என்ற கேள்வியை விடாமல், பள்ளிவாசலுக்கு அருகில் நின்ற முதியவர் ஒருவரிடம் வழிகாட்டியின் துணையோடு விசாரித்தார். மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மழைநீர் மிதக்கும், முன்பு அதையே கிணற்றில் அள்ளினோம், இப்போது கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்க்கிறோம், போதாததற்குக் கடல்நீரை உப்புநீக்கிக் குடிக்கிறோம் என்றார் முதியவர். தலைநகர் மாலேயில் 2014 டிசெம்பரில் உப்புநீக்கும் நிலையம் தீப்பற்றியபோது, நகரம் முழுவதும் தண்ணீரின்றித் தவித்து, இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் குடிநீர் வந்ததாம்.

ஆழிப்பேரலையைப் பற்றி நான்தான் கேட்டேன். இந்த நாட்டின் மிக உயரமான இயற்கை நிலமே இரண்டரை மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் தீவுகளைச் சுற்றிக் கடல் செங்குத்தாக ஆழமாவதால், எங்கள் கரையில் போல அலை சுவராக எழும்பாமல், நீர் ஏறித் தீவுகளை மூடி வடிந்தது. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூறு பேருக்கு மேல். கிணறுகள் எல்லாம் உப்பாகின என்று அந்த முதியவர் கையால் நிலத்தைக் காட்டிச் சொன்னார். எங்கள் கிணறும் உப்பானது என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரவில் அலிமதா தீவுக்கு அருகில் கப்பல் நின்றது. பின்புற விளக்கை ஏற்றியதும் நீருக்குள் பழுப்பு நிறத்தில் நீண்ட உருவங்கள் வந்து சேர்ந்தன. நர்ஸ் சுறாக்கள், ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு மேல். பொதுவாக மனிதருக்குத் தொல்லை தராத, கடலடி நிலத்தைத் துழாவி இரைதேடும் இனம். 2010 ஆம் ஆண்டில் மாலைதீவில் சுறா பிடிப்பது தடைசெய்யப்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறை கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அவை ஏணியின் கடைசிப் படியை உரசிக்கொண்டு திரும்புவதை, இரண்டாம் படியில் அமர்ந்து நெடுநேரம் பார்த்தேன். தோல் அரத்தாள் போலச் சொரசொரப்பாகத் தெரிந்தது. கண் மிகச் சிறியது.

நான்காம் நாள்

வாவு வளையத்தை விட்டு மேற்கே தென் ஆரி வளையத்துக்குப் போக வெளிக்கடலைக் கடக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிற்று. சமையல்காரர் அண்ணா இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீரைக் கொண்டுவந்து, "தங்கச்சி, அறைக்குள்ள படுக்காதையும், மேல வந்து அடிவானத்தைப் பாரும்" என்றார். அப்பாவும் புதிதாகக் கடலுக்கு வருபவர்களிடம் இதையேதான் சொல்வார்.

இங்கே டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை வீசுவது 'இருவை', வடகீழ்த் திசைக் காற்று. அது எங்கள் வாடைதான். கார்த்திகையிலும் மார்கழியிலும் முல்லைத்தீவுக் கடலை மூடி, வள்ளங்களைக் கரையேற்றி, வாடிகளில் அடுப்பை அணைய வைக்கும் அதே காற்று, மழையை எங்களிடம் கொட்டிவிட்டு இங்கே வந்து சேரும்போது வானத்தைத் தெளிவாக்கிக் கடலை அடக்கிவிடுகிறது. எங்கள் சோளகக் காலம் இவர்களுக்கு மழைக்காலம்.

நடுக்கடலில் ஒரு மீன்பிடித் தோணியைக் கண்டோம். அப்பா பக்கத்தில் இல்லையே என்று ஏங்கினேன். தோணியின் பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் உயிருள்ள சிறுமீன்களை அள்ளி வீச, குழாய்களிலிருந்து கடல்மேல் நீர் தூறலாகத் தெளித்துக்கொண்டிருக்க, அந்தத் தூறலைச் சிறுமீன் கூட்டத்தின் துள்ளல் என்று நம்பிச் சூரைகள் மேலே பாய்ந்தன. ஆளுக்கொரு தடி, தடிக்கொரு கயிறு, கயிற்றின் நுனியில் எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில். மீன் பிடித்ததும் தடியைச் சுண்டினால் அது தலைக்கு மேலாகப் பறந்து தட்டில் விழுகிறது, முள் இல்லாததால் தானாகவே கழன்றுவிடுகிறது, அடுத்த கணம் தூண்டில் மீண்டும் நீரில். வலையே இல்லை. இப்படிப் பிடித்த சூரையைத் துண்டமாக்கி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, கல்லாக இறுகும் வரை வெயிலில் காயவைத்தால் அதுதான் மாசி.

ஐந்தாம் நாள்

தென் ஆரியின் வெளிவிளிம்பில், மாமிகிலி தீவை ஒட்டிய கடல் 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. திமிங்கிலச் சுறாக்களை ஆண்டு முழுவதும் காணக்கூடிய மிகச் சில இடங்களில் ஒன்று. உலகின் மிகப்பெரிய மீன் அது. ஆனால் உண்பது பெரும்பாலும் மிகச்சிறிய மிதவை உயிர்களை. இங்கே வருபவை பெரும்பாலும் இளம் ஆண்கள் என்றும், முதுகுப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால் ஆய்வாளர்கள் அதைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள் என்றும் வழிகாட்டி சொன்னார். தொடக்கூடாது, முன்னால் குறுக்கிடக்கூடாது, ஒளிபாய்ச்சிப் படமெடுக்கக்கூடாது.

இரண்டு மணி நேரம் தோணியின் கூரையில் ஒருவர் நின்று நீரைத் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கூவியதும் எல்லோரும் இறங்கினார்கள். ஆழம் எனக்குத் தெரியும் அளவில் இல்லை. கீழே நீலம் மட்டும். மிதவை அங்கியோடு, என் கணவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி நானும் இறங்கினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் எங்களுக்குக் கீழே, விண்மீன்கள் நிறைந்த ஒரு வானத்தை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல, வெண்புள்ளிகள் பதித்த அகன்ற முதுகு நகர்ந்தது. ஐந்து, ஆறு மீற்றர் இருக்கும். வால் ஒருமுறை அசைந்து மறுமுறை அசைவதற்குள் நான் மூன்று முறை மூச்சு விட்டேன். அது போய் மறைந்த பின்னரே கவனித்தேன். அவருடைய மணிக்கட்டில் என் நகங்கள் பதிந்திருந்தன, ஆனால் நடுவில் எப்போதோ நான் பிடியை விட்டுத் தனியாகத்தான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள்

கப்பலின் ஊழியர்கள் எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கி, மணலில் திமிங்கிலச் சுறாவின் உருவத்தைச் செய்து, அதன் முதுகுப் புள்ளிகளில் விளக்குகளை ஏற்றி, இராச்சாப்பாடு தந்தார்கள். அவர்கள் எங்களுக்காக அந்த மணலோடு பிற்பகல் முழுவதும் பட்ட பாட்டை நான் கண்டதால், சாப்பாட்டின் சுவையை விட அதுவே மனதில் நிற்கிறது.

திரும்பும் வழியில் நிலவில்லை. தோணியின் ஓரத்தால் கையை நீருக்குள் விட்டேன்; விரல்களைச் சுற்றி நீலப்பச்சைப் பொறிகள் கிளம்பின. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது ஒளிர்கின்றன என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில், வைகாசிப் பொங்கலுக்காக எங்கள் கடலிலிருந்து தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைச் சிறுவயது முதல் கும்பிட்டு வருகிறேன். கையை எடுத்தபோது மணிக்கட்டில் இரண்டு பொறிகள் ஒட்டியிருந்து அணைந்தன. நான் அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள்

விமானத்துக்கு முன் மாலேயில் அரை நாள் கிடைத்தது. 1658 இல் கட்டப்பட்ட பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர்கள் முழுவதும் செதுக்கிய முருகைக்கல். சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள்.

சந்தையில் மாசி வாங்கப் போனோம். கடைக்காரர் வயதானவர். நாங்கள் பேசுவதைக் கேட்டு, "தமிழா?" என்று கேட்டார். 1988 நவம்பர் 3 ஆம் திகதி இந்நகரில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்று பங்குகொண்டதையும், அதில் இந்நகரத்து மக்கள் உயிரிழந்ததையும் அறிந்திருந்ததால், ஆம் என்று சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. அவர் எங்களைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு இரண்டு கிலோ நிறுத்து, தராசைப் பார்க்காமல் இன்னொரு துண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டார்.

இதை முல்லைத்தீவிலிருந்து எழுதி முடிக்கிறேன். விடியற்காலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்து, மாசித் துண்டொன்றை மற்றொன்றோடு தட்டிப் பார்த்தார். மரக்கட்டை போலக் கணீரென்று கேட்டது. உடனே உரலைக் கழுவி இடிக்கத் தொடங்கினார். இடித்துக்கொண்டே, என்னைப் பாராமல் அவரிடம் கேட்டார்:

"பிள்ளை தண்ணிக்க இறங்கினவளோ, தம்பி?"

"ஓம் மாமி. ஆழத்திலயும் மிதந்தவ."

உலக்கை ஒருமுறை நின்றது. பிறகு அம்மா, செத்தல் மிளகாயை எடுத்து வரச் சொன்னார்.